இடது மூடிக்கு உள்ளே

பிலுவானை யாரென்று கேட்டால், எங்கள் தெருவில் எல்லோரும் "ஸ்கூட்டர் கடை முதலாளியம்மா" என்பார்கள். அது பொய். இருபத்தாறு வருடப் பொய். அதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பக்கத்துக் கடைக்காரி. வான்கோழிச் சோறு விற்கிறேன். தைவானில் எங்கள் ஜியாயி ஊரில் வான்கோழிச் சோறு விற்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆகவே அதில் பெருமை ஒன்றும் இல்லை. என் கடைக்கும் பிலுவான் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். என் சோற்றில் பெட்ரோல் நாறுகிறது என்று நானும், அவள் பட்டறையில் வெங்காய எண்ணெய் நாறுகிறது என்று அவளும் மாறி மாறிச் சண்டை போட்டே இத்தனை காலமும் ஓடிவிட்டது.

அவள் புருஷன் குவோதுங் வாய்ச்சாலகன். கடைக்கு முன்னால் சின்ன மேஜை போட்டு, வந்தவருக்கெல்லாம் குட்டிக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, தேர்தலில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் பேசுவான். டயர் மாற்றுவான், பல்பு போடுவான், கீறலுக்குப் பெயிண்ட் அடிப்பான். ஆனால் ஸ்கூட்டரின் இடதுபக்கம் பிலுவானுடையது. இடதுபக்கத்து நீள மூடியைக் கழற்றினால் முன்னால் ரோலர், நடுவில் பெல்ட், பின்னால் கிளட்ச். வண்டி கிளம்புவதும் ஏறுவதும் இழுப்பதும் அதற்குள்தான். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ஒரு தொழிற்சாலையில் கிளட்ச் பூட்டும் வரிசையில் நின்றவள் அவள். குவோதுங் அந்த மூடியைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

வேலை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். ஒருவன் வந்து, "வண்டி கிளம்பும்போது உதறுது மாஸ்டர்" என்பான், குவோதுங்கைப் பார்த்து. பின்னால் மோடாவில் உட்கார்ந்திருக்கும் பிலுவான் தலை நிமிராமல், "காலையில மட்டுமா, நாள் பூரா உதறுதான்னு கேளு" என்பாள். குவோதுங் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காலையில மட்டும் உதறுதா, இல்ல நாள் பூராவா?" என்று பெரிய டாக்டர் மாதிரிக் கேட்பான். நாள் பூரா என்றால், "சிக்னல்ல நிக்கும்போது பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே திருகுறானான்னு கேளு." எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வியாதி உண்டு. தொண்ணூறு விநாடி சிவப்பு விளக்கு. ஒரு கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஆக்சிலேட்டரை உறுமவிட்டால் விளக்கு பயந்து பச்சையாகிவிடும் என்று நினைப்பு. உள்ளே கிளட்ச் ஷூ தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழத்துப் போகும், பிறகு தன்னைச் சுற்றியிருக்கும் இரும்புக் கிண்ணத்தைச் சரியாகக் கவ்வாமல் விட்டு விட்டுப் பிடிக்கும். அதுதான் உதறல். பிலுவான் ஷூவைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, கிண்ணத்தைத் துடைத்து மாட்டுவாள்.

மேட்டில் உறுமிக்கொண்டே நிற்கிறதென்றால் பெல்ட். கிளம்ப மந்தம், பிறகு பறக்கிறதென்றால் ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகிவிட்டது. இதெல்லாம் தகரத்துக்கு இந்தப் பக்கம் கோழி உரித்துக்கொண்டே நான் கற்றது. எனக்கே தெரிந்ததென்றால் தெருவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? தெரிந்துகொள்ள யாருக்கும் மனசில்லை.

எல்லாம் அந்த ட்ரையலில் இருக்கிறது. வேலை முடிந்ததும் மாஸ்டர் வண்டியில் ஏறி, கோயில் முனை வரை போய்த் திரும்பி வந்து, "ம், சரியா இருக்கு" என்று சொன்னால்தான் வண்டி சரியானதாகக் கணக்கு. கடை திறந்த முதல் மாதத்தில் பிலுவானே ஒரு வண்டியை ட்ரையல் பார்த்துவிட்டு வந்தாள். வண்டிக்காரர் ரிட்டயரான வாத்தியார். "என்ன, பொம்பள ஓட்டிப் பாக்குது? வேலை யாரு செஞ்சது?" என்றார். "நான்தான் சார், நான்தான். அவ சும்மா காத்து வாங்கப் போனா" என்று சிரித்தான் குவோதுங். வாத்தியாரும் சிரித்தார். அன்றிலிருந்து ட்ரையல் குவோதுங்குடையது, பேரும் அவனுடையது.

அவளுக்கு அது வலித்ததா என்று நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மூடியை மாட்டுவதற்கு முன், அதன் உள்பக்கத்தைத் துடைத்து, மார்க்கர் பேனாவால் தேதியும் செய்த வேலையும் பொடி எழுத்தில் எழுதி வைப்பாள். எங்கள் ஊரில் பாதி ஸ்கூட்டர்களின் வயிற்றுக்குள் அவள் கையெழுத்து ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் ஒருவனுக்கும் தெரியாது. ஒருநாள் கேட்டேன், "பேரையும் எழுதேன்டி?"

"யாரு படிக்கப் போறா?" என்றாள்.

பிறகு 2010ல் குவோதுங்குக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சு குழறியது. அவன் சக்கர நாற்காலியில் கடைவாசலில் இருந்த வரைக்கும் கொஞ்சம் பேர் வந்தார்கள். அவனிடம் சொல்வார்கள், அவன் தலையாட்டுவான், பின்னால் பிலுவான் வேலையைச் செய்வாள். நெல் குத்தினவள் ஒருத்தி, மணம் இன்னொருவனுக்கு. இரண்டாவது தடவை வந்தபோது அவனால் உட்காரவும் முடியாமல் போனது. அப்போதுதான் வேடிக்கை ஆரம்பம்.

"இப்ப யாரும்மா வேலை பாக்குறது?"

"நான்தான்."

"ஓ. சரி, அப்புறமா வர்றேன்."

இதே நான்கு வார்த்தை, நாளைக்குப் பத்துத் தடவை. இருபத்து நாலு வருடம் எந்தக் கை தொட்டதோ அதே கைதான் இப்போதும் தொடுகிறது. ஆனால் உதறல் திரும்பிவிடுமாம். ஒருத்தன் வந்து, "மாஸ்டர் படுத்ததுலேர்ந்து என் வண்டி முந்தி மாதிரி இல்ல" என்றான். அவன் கடைசியாக வண்டியை வேலைக்கு விட்டது மாஸ்டர் படுப்பதற்கு முந்திய வாரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சோற்றில் பாதிக் கறியைக் குறைத்தேன். என்னால் முடிந்த நியாயம் அவ்வளவுதான்.

பட்டினி கிடக்க முடியாது என்று பிலுவான் கொழுந்தனை வரவழைத்தாள். குவோதுங்கின் தம்பி, ஆலியாங் என்று கூப்பிடுவோம். ஜல்லி லாரி ஓட்டினான், கல்யாண வீடுகளுக்குப் பாட்டு மெஷின் வாடகைக்கு விட்டான், எதிலும் நிலைக்கவில்லை. வாயில் எந்நேரமும் பாக்கு. அவனுக்குத் தெரிந்த ஒரே ஸ்கூட்டர் வேலை ஓட்டுவது. பிலுவானுக்கும் அது போதும்.

"நீ முன்னாடி உக்காரு. கேக்குறதுக்குத் தலையாட்டு. நான் முடிச்சதும் கோயில் வரைக்கும் ஓட்டிட்டு வந்து 'சரியா இருக்கு'ன்னு சொல்லு. இடதுபக்க மூடியை மட்டும் தொடாத."

"சும்மா உக்காந்து சம்பளமா? அண்ணி, நீங்க தெய்வம்!"

ஒரே வாரத்தில் அவன் மாஸ்டர் ஆகிவிட்டான். "அண்ணனைவிடத் தம்பிக்குக் கை நல்லா ஓடுது" என்று ஒரு மருந்துக் கடைக்காரர் என்னிடமே சொன்னார். அந்தக் கை ஸ்பேனரைத் தொட்டே இராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாம், மாஸ்டர் கெட்டிக்காரர்" என்றேன். பிலுவானின் வியாபாரம் கெடக்கூடாது என்று சொன்னதுதான். அப்புறம் பழகிவிட்டது. "மாஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்று நானே அவனைக் கூப்பிட ஆரம்பித்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் காதில் விழும் என்று தெரிந்தே கூப்பிட்டேன். நாக்கை அறுக்க வேண்டும்.

சொல்லச் சொல்ல ஆலியாங்குக்கே தான் மாஸ்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது. பெரிய சைலன்சர் வைத்த பையன்களோடு உட்கார்ந்து பிக்கப், ஸ்பிரிங் என்று பேசத் தொடங்கினான். மஞ்சள் ஸ்பிரிங் ஒரு பாக்கெட் வாங்கி மேஜைக்குள் வைத்திருந்தான். பந்தயப் பைத்தியங்கள் போடுகிற கெட்டி ஸ்பிரிங்.

யின்ஹுவா மேய்ஷான் மலையில் தேயிலை பறிக்கிறவள், ஐம்பது வயதிருக்கும். அந்த மலைப்பாதையின் முப்பத்தாறு வளைவையும் மூட்டையோடு தினம் ஏறி இறங்குவாள். அவள் வண்டி உதறியது. பிலுவான் திறந்து பார்த்தாள். பின்பக்கத்து ஆயில் சீல் கசிந்து கிரீஸ் ஷூவில் படிந்திருந்தது. துடைத்து, தேய்த்து, மாட்டி, சீல் வாங்கி வைக்கிறேன், உதறல் திரும்பினால் உடனே வாங்க என்று ஆலியாங் வாயால் சொல்லவைத்தாள். மூடிக்குள்ளும் எழுதினாள்: தேதி, 'சீல் கசிவு, மாற்ற வேண்டும்' என்று.

சொன்னபடியே உதறல் திரும்பியது, யின்ஹுவாவும் வந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் பிலுவான் புருஷனை நாற்காலியில் சாய்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குத் தள்ளிக்கொண்டு போவாள்.

"மாஸ்டர், மறுபடி உதறுது. மத்தியானத்துக்குள்ள மலைக்குப் போகணும்."

"உக்காருங்கக்கா. அரை மணி நேரம். நீங்க போயி ஒரு சோறு சாப்ட்டு வாங்க."

அவள் என் கடையில்தான் சாப்பிட்டாள். நான் கோழியை உரித்துக்கொண்டே தகரத்து இடுக்கு வழியே பார்த்தேன். ஆலியாங் இடது மூடியைக் கழற்றினான். புது சீல் டிராயரில் இருந்தது, அவன் அதைத் தேடக்கூட இல்லை. மஞ்சள் பாக்கெட்டைப் பிரித்தான். அரைமணியில் முடித்து, கோயில் வரை ஓட்டி, பெருமையாகத் திரும்பி வந்தான். உதறல் போயே போய்விட்டது. யின்ஹுவா கையைத் தட்டாத குறை.

"மாஸ்டர்னா மாஸ்டர்தான்!" என்று பையிலிருந்து ஒரு பொட்டலம் தேயிலையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்கு பிலுவான் வந்து, "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"யின்ஹுவா அக்கா வந்தாங்க. கேபிள் லூசு. டைட் பண்ணி அனுப்பிட்டேன்."

எனக்குக் கேட்டது. அவன் பொய் சொல்கிறான் என்றும் தெரியும். குடும்ப விஷயம், நமக்கென்ன என்று கறியை உரித்தேன். மஞ்சள் ஸ்பிரிங் ஆளைக் கவிழ்க்கும் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவன் தொடக்கூடாத மூடி அது என்று தெரியும். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

கிளட்சில் மூன்று ஷூ, மூன்று குட்டி ஸ்பிரிங். வேகம் கூடினால் ஷூ விரிந்து கிண்ணத்தைப் பிடிக்கும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிடித்திருக்கும் வரைதான் இறக்கத்தில் என்ஜின் வண்டியைத் தாங்கும். ஸ்பிரிங் கெட்டியானால் பட்டென்று கவ்வும், உதறல் தெரியாது. ஆனால் விடுவதும் சீக்கிரமே விட்டுவிடும். தட்டுத் தரையில் அதனால் ஒன்றுமில்லை. முப்பத்தாறு வளைவில், மூட்டையோடு, ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைக்கக் குறைக்க, வண்டி சைக்கிள் மாதிரி அவிழ்ந்து ஓடும். பிரேக் ஒன்றுதான் மிச்சம். எட்டாம் நாள், பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் சூடேறிச் செத்துவிட்டது. யின்ஹுவா பாக்குமரத்தில் மோதினாள். கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

வண்டியைச் சின்ன லாரியில் கொண்டுவந்து போட்டார்கள். பிலுவான் மூடியைத் திறந்தாள். மூன்று மஞ்சள் ஸ்பிரிங்கையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாப் பசங்களும் இதைத்தான் போடுறாங்க அண்ணி..."

"பசங்க மலையில தேயிலை பறிக்கவா போறாங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "தொடாதன்னு சொன்னேனா இல்லையா?"

அவன் பாக்கை மென்றபடி ரோட்டைப் பார்த்தான்.

கோர்ட்டுக்குப் போகாமல் ஊர் அலுவலகத்துச் சமரசக் குழுவில் வைத்துப் பேசுவது என்று முடிவானது. பிலுவான் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். போகிற வழியில் ஒன்று முடிவு செய்துகொண்டேன்: இன்றைக்கு வாயைத் திறப்பேன். நீள மேஜை, தண்ணீர் பாட்டில், நடுவில் நரைத்த தலையோடு சமரசக்காரர். யின்ஹுவா ஊன்றுகோலோடு புருஷனுக்குப் பக்கத்தில். மேஜை மேல், பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் அந்த இடது மூடியை மல்லாத்தி வைத்திருந்தார்கள், உள்பக்கம் மேலே தெரியும்படி. நான்கு வருடத் தேதிகள். சமரசக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தக் கையெழுத்தை ஒருவர் உட்கார்ந்து படித்து அன்றுதான் பார்த்தேன்.

"இது யாரு எழுத்து?"

"என்னுதுதான்" என்றாள் பிலுவான்.

"வேலை பாக்குறது இவருன்னுல்ல சொன்னாங்க?"

எல்லோரும் ஆலியாங்கைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவன் வாயில் பாக்குகூட இல்லை.

"ஐயா, நான் ஓட்டிப் பாக்குறவன் மட்டுந்தான். எனக்கு வேலையே தெரியாது. எல்லாம் அண்ணிதான். எங்க அண்ணன் காலத்துலேர்ந்தே அண்ணிதான். அந்த மூடியைத் திறக்குறது அவங்க ஒருத்தர்தான். தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க."

பாவி. இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்த உண்மை வந்தது அன்றுதான், அதுவும் தப்பித்துக்கொள்வதற்காக. நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அன்னிக்கு..." பிலுவான் என் தொடையைக் கிள்ளினாள். நகம் இறங்கியது. நான் உட்கார்ந்தேன்.

அவள் கொழுந்தனைப் பார்த்து, "இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

அவன் விழித்தான். "எல்லா வேலையும் அண்ணிதான் பாக்குறாங்க."

"எழுதிக்குங்க ஐயா. அவன் சொன்னபடியே எழுதுங்க."

ஆஸ்பத்திரிச் செலவைப் பிலுவான் ஏற்பதாகவும் வண்டியைச் சரிசெய்து தருவதாகவும் எழுதினார்கள். கையெழுத்துக்குப் பதில் குத்தும் பேர் முத்திரையைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள், ஆஸ்பத்திரிப் படிவங்களில் குத்திக் குத்தி விளிம்பு தேய்ந்த முத்திரை. சிவப்பில் தோய்த்து, இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினாள்.

நடைபாதையில் யின்ஹுவா ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அருகில் வந்தாள். கோபமாக வந்திருந்தால்கூடத் தேவலை.

"முதலாளியம்மா, மனசுல வச்சுக்காதீங்க. மாஸ்டர் வேலை நெருக்கடியில உங்ககிட்ட விட்டிருப்பாரு. நீங்க இருந்தீங்களா இல்லையான்னுகூட அன்னிக்கு நான் பாக்கல, எப்பவும் பின்னாடிதானே இருப்பீங்க. ஆனா நீங்க அதுல கை வச்சிருக்கக் கூடாதும்மா. மாஸ்டர்கிட்டயே விட்டிருக்கணும்."

பிலுவான் தலையைத் தாழ்த்தி வணங்கினாள்.

திரும்பி வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன்டி என்னைக் கிள்ளுன? நான் கண்ணால பாத்தவ! அவன் போட்டதுன்னு சொல்லியிருப்பேன்ல?"

"சொன்னா? அவன்தான் போட்டான்னு எழுதுவாங்க. அப்ப மெக்கானிக் அவன். இத்தன வருஷமும் நான் யாரு, டீ ஊத்துனவளா?" தெருமுனையில் நின்றாள். பிறகு, "நீ பாத்தியா? பாத்துட்டா சும்மா இருந்த?" என்றாள்.

கடை வரைக்கும் நான் அவளுக்குப் பின்னால்தான் நடந்தேன்.

அடுத்த வாரம் யின்ஹுவாவின் வண்டியை அவள் முடித்தாள். மஞ்சள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பழைய அளவு ஸ்பிரிங், புது சீல், புது ஷூ, பிரேக் முழுதும் புதிது. மூடியை மாட்டும் நேரத்தில் நான் எட்டிப் பார்த்தேன். தின்னரில் நனைத்த துணியால் உள்பக்கத்துத் தேதிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"அடுத்த தடவையும் எனக்கு எதிரா சாட்சி சொல்லவா?"

யின்ஹுவாவின் புருஷன் வண்டி எடுக்க வந்தார். பிலுவான் சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கடைக்குள் நாலு பக்கமும் பார்த்தார்.

"மாஸ்டர் இல்லையா? அவரு ஒரு தடவை ஓட்டிப் பாத்துச் சொல்லட்டுமே. தப்பா நினைக்காதீங்க, என் பொண்டாட்டி சொல்லி அனுப்பிச்சா."

ஆலியாங்கை அவள் ஏன் துரத்தவில்லை என்று கேட்பீர்கள். துரத்தினால் கடைக்கு யார் வருவார்கள்? அவன் எழுந்து வந்தான். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கினான். கோயில் வரைக்கும் ஓட்டி, திரும்பி வந்து, ஸ்டாண்ட் போட்டு, பாக்கைத் துப்பினான்.

"ம், சரியா இருக்கு."

"மாஸ்டர் கை பட்டாத்தான் சரியா வரும்!" என்று அந்த மனிதர் அவன் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நான் தகரத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். பிலுவான் கை கழுவிக்கொண்டிருந்தாள். டிராயர் திறந்திருந்தது, உப்புத்தாள் கட்டுக்கு மேலே அந்தச் சமரசக் காகிதத்தின் நகல்.

"இதை எதுக்குடி வச்சிருக்க? கிழிச்சுப் போடு, வயித்தெரிச்சல்."

"அதுல என் பேருக்கு முன்னாடி என்ன போட்டிருக்கு, படி."

"படிச்சதுதானே."

"சத்தமாப் படி. அவனுக்குக் கேக்கட்டும்."

"மெக்கானிக்" என்று படித்தேன்.

வெளியே யாரோ ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு, "மாஸ்டர், கிளம்பும்போது உதறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மோடாவில் உட்கார்ந்தாள்.

"காலையில மட்டுமான்னு கேளு" என்றாள்.